சூழல் இயக்கத்தில் யூதப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூழல் போராட்டம் என்றதும் ரேச்சல் கார்சன், வங்காரி மாத்தாய், மேதா பட்கர் என்று சில பெயர்கள் நமக்குச் சட்டென்று வந்துவிடும். பெல்லா அப்சுக், ஜூடி பாரி, ஆர்லீன் புளும் என்றால் யாரென்று கேட்பவர்களே அதிகம். ஆனால் குழந்தை குடிக்கும் பாலிலிருந்து வீட்டு சோபா வரை, கலிபோர்னியாவின் செம்மரக்காட்டிலிருந்து ஐ.நா. ஆவணங்கள் வரை இவர்கள் கைபட்ட இடங்கள் நிறைய. இங்கே எல்லோரையும் பட்டியல் போடவில்லை. எனக்கு முக்கியமாகப் படுகிறவர்களிடம் நின்று பேசியிருக்கிறேன். மற்றவர்களைத் தொட்டுச் சென்றிருக்கிறேன்.

யூதப் பெண்கள் என்று ஏன் தனியாகப் பிரித்துப் பேச வேண்டும்?

நியாயமான கேள்வி. உலகம் முழுக்கக் கணக்கெடுத்தாலும் யூதர்கள் ஒன்றரைக் கோடிச் சொச்சம்தான். அவ்வளவு சிறிய சமூகத்திலிருந்து இத்தனை பெண்கள் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1880-களிலிருந்து 1920-களின் தொடக்கம் வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வறுமையும் யூத எதிர்ப்பு வன்முறையும் துரத்த, தப்பி வந்தவர்கள். பெரும்பகுதியினர் நியூயார்க்கின் கீழ் கிழக்குப் பகுதியில், வெளிச்சமும் காற்றும் நுழையாத அடுக்குக் குடியிருப்புகளில் அடைந்துகொண்டார்கள். வயசுப் பெண்கள் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். 1911 மார்ச் 25-ல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது.

அந்தத் தலைமுறைக்குச் சுற்றுச்சூழல் என்றால் வேலை செய்யும் அறையின் காற்று, குடியிருப்பின் கழிவறை, பிள்ளைக்கு வாங்கும் பால். அதே காலத்தில் அமெரிக்காவின் இயற்கைப் பாதுகாப்பு இயக்கம் மலைகளையும் தேசியப் பூங்காக்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதுவும் தேவையான பேச்சுதான். ஆனால் மனித உடம்பையும் உழைப்பையும் அந்தப் பேச்சுக்குள் கொண்டுவந்ததில் இந்தப் பெண்களுக்கும் இவர்களுடைய மகள்களுக்கும் பேத்திகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. கீழே வரும் பல கதைகளில் அதைப் பார்க்கலாம்.

இவர்கள் எல்லோரும் மதப்பற்று உள்ளவர்களா?

இல்லை. ரபியாக, அதாவது யூத மதகுருவாக இருந்தவர்களும் உண்டு, தொழுகைக்கூடத்துப் பக்கமே போகாதவர்களும் உண்டு. யூத அடையாளம் என்பது மதம், குடும்பம், மொழி, நினைவு எல்லாம் கலந்தது. சிலர் வேதத்திலிருந்து நேரடியாகத் தங்கள் வேலைக்கு அடிப்படை எடுத்தார்கள். சிலருக்கு வீட்டில் கேட்ட தொழிற்சங்கப் பேச்சே வேதமாக இருந்தது.

முதலில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

லிலியன் வால்டிடமிருந்து. வசதியான ஜெர்மன் யூதக் குடும்பத்துப் பெண். செவிலியர் படிப்பு படித்தவர். 1893-ல் நியூயார்க்கின் அந்த நெருக்கடியான பகுதிக்கே குடிவந்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார். அங்கே அவர் நிறுவிய ஹென்றி தெரு இல்லம் இன்றும் இயங்குகிறது. அந்த இல்லத்தின் பின்புறத்தையே பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றினார். அப்புறம் ஏழைகள் வாழும் பகுதிகளில் நகராட்சியே விளையாட்டுத் திடல்கள் அமைக்க வேண்டும் என்று ஒரு சங்கம் சேர்த்துப் போராடினார். 1903-ல் திறந்த சீவார்டு பூங்காத் திடல் அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. இன்று நகர்ப்புறச் சூழல் நீதி என்று நாம் சொல்வதை அவர் பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் செய்தார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பாலஸ்தீனத்தில் ஹன்னா மைசல் என்ற வேளாண் வல்லுநர் 1911-ல் கின்னரெட்டில் பெண்களுக்கான பயிற்சிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். குடியேற வந்த இளம்பெண்களைச் சமையலறைக்குள் நிறுத்திவிட்டு ஆண்கள் வயலுக்குப் போவதை அவர் ஏற்கவில்லை. காய்கறி, பால்மாடு, கோழி, நாற்றங்கால் எல்லாம் அங்கே பெண்கள் கையில் இருந்தன.

1961-ல் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக?

பாலுக்காக என்று சொன்னால் தவறில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டுகளைத் திறந்தவெளியிலேயே வெடித்துச் சோதித்தன. வெடிப்பில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் காற்றில் பல்லாயிரம் மைல் போய் மழையோடு புல்வெளியில் இறங்கும். மாடு புல்லை மேயும், பாலில் வரும், குழந்தை குடிக்கும். வேதியியல் குணத்தில் அது கால்சியத்தை ஒத்தது. அதனால் வளரும் பிள்ளையின் எலும்பும் பல்லும் அதைக் கால்சியம் என்றே எடுத்துச் சேமித்துக்கொள்ளும். பாதியாகக் குறைவதற்கே சுமார் 29 ஆண்டுகள் பிடிக்கும்.

1961 நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம் என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. யூதர்கள் மட்டும் நடத்திய இயக்கம் இல்லை இது. ஆனால் நியூயார்க்கில் இதன் அரசியல் மூளையாக இருந்தவர் பெல்லா அப்சுக் என்ற யூத வழக்கறிஞர். ஊர்வலம் போனால் மட்டும் போதாது, நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரையும் நெருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு இந்தப் பெண்களை அழைத்து மிரட்டப் பார்த்தது. அவர்கள் கைக்குழந்தைகளோடும் பூங்கொத்துகளோடும் விசாரணைக் கூடத்தை நிரப்பிவிட்டார்கள். சாட்சி சொல்ல எழுந்தவருக்கெல்லாம் பூ கொடுத்தார்கள்.

1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் நாடு, பிரிட்டன் மூன்றும் காற்றுமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பல காரணங்களால் வந்த ஒப்பந்தம்தான். தாய்மார்கள் கொடுத்த நெருக்கடி அந்தக் காரணங்களில் ஒன்று.

பெல்லா அப்சுக் பெண்ணுரிமைத் தலைவர் என்றுதானே சொல்வார்கள்? அவருக்கும் சூழலுக்கும் என்ன தொடர்பு?

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. 1920-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம்; அப்பா இறைச்சிக்கடை வைத்திருந்தார். அவர் இறந்தபோது பெல்லாவுக்கு 13 வயது. இறந்த தகப்பனுக்காகத் தொழுகைக்கூடத்தில் கடிஷ் என்ற வழிபாட்டைச் சொல்லும் கடமை மகன்களுடையது. அந்த வீட்டில் மகன் இல்லை. பெல்லா தினமும் காலையில் போய் நின்று தானே சொன்னார். ஆண்கள் முறைத்துப் பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை. துணிந்து செய்தால் ஊர் வழிவிடும் என்பதை அங்கே கற்றுக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1971 முதல் 1977 வரை நாடாளுமன்ற உறுப்பினர். எந்நேரமும் அகலத் தொப்பி. அந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். எழுபது வயதில் அவர் தொடங்கிய வேலையைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. ரியோ பூமி மாநாட்டுக்கான ஐ.நா. வரைவுகளில் பெண்கள் கிட்டத்தட்டக் காணோம் என்பதைக் கண்டு, தன் நீண்டநாள் தோழி மிம் கெல்பருடன் சேர்ந்து பெண்கள் சூழல் வளர்ச்சி அமைப்பை உருவாக்கினார். கென்யாவின் வங்காரி மாத்தாயும் இந்தியாவின் வந்தனா சிவாவும் அந்த வட்டத்தில் இருந்தார்கள்.

1991 நவம்பரில் மியாமியில் இந்த அமைப்பு ஒரு மாநாடு கூட்டியது. 83 நாடுகளிலிருந்து 1,500 பெண்கள் வந்தார்கள். கூட்டத்தின் வடிவமே புதிதாக இருந்தது. மேடையில் ஐந்து பெண் நீதிபதிகள் அமர்ந்தார்கள். பல நாட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தங்கள் ஊர் நீருக்கும் நிலத்துக்கும் உடம்புக்கும் என்ன நேர்ந்தது என்று சாட்சியம் சொன்னார்கள். அந்தச் சாட்சியங்களிலிருந்து ஒரு கோரிக்கைப் பட்டியல் தயாரானது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஏழை நாட்டுப் பெண்கள் அதிகம் பிள்ளை பெறுவதுதான் பூமி கெடுவதற்குக் காரணம் என்று அப்போது பல பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மியாமியில் கூடிய பெண்கள் அதை நேருக்கு நேர் மறுத்தார்கள். ராணுவச் செலவு, வெளிநாட்டுக் கடன், பணக்கார நாடுகளின் நுகர்வு ஆகியவற்றை முதலில் பாருங்கள் என்றார்கள்.

ஐ.நா. கூட்டங்களில் அப்சுக் செய்த வேலை வெளியே தெரியாத வேலை. தினமும் காலையில் பெண் பிரதிநிதிகளைக் கூட்டுவார். வரைவு ஆவணத்தை வரி வரியாகப் பிரித்து, எந்தப் பத்தியில் எந்தச் சொல் சேர வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு நாட்டின் தூதரையும் தாழ்வாரத்தில் மடக்கிப் பேசுவார்கள். 1992-ல் ரியோவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட செயல்திட்டம் 21-ன் 24-வது அத்தியாயம் முழுக்கப் பெண்களைப் பற்றியது. அது மட்டுமில்லாமல் மற்ற அத்தியாயங்களிலும் பெண்கள் இடம்பெற்றார்கள். சக்கர நாற்காலியில் வர வேண்டிய நிலை வந்த பிறகும் அவர் இந்தக் கூட்டங்களை விடவில்லை. 1998 மார்ச் 31-ல் காலமானார்.

ஜூடி பாரி யார்? அவர் காரில் குண்டு வெடித்தது உண்மையா?

உண்மை. ஜூடி பாரி 1949-ல் பிறந்தவர். அம்மா யூதர், கணிதப் பேராசிரியர். அப்பா இத்தாலிய வம்சாவளி. தபால் துறையில் தொழிற்சங்கம் நடத்திவிட்டு, வடக்குக் கலிபோர்னியாவுக்குப் போய்த் தச்சு வேலை செய்தார். ஒரு வீட்டுக்குச் சுவர்ப்பலகை அடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பலகையின் அழகைப் பார்த்து இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ஆயிரம் ஆண்டு வயதுள்ள செம்மரம் என்று பதில் வந்தது. அங்கிருந்துதான் அவர் காட்டுக்குள் வந்தார்.

அப்போது நிலைமை இது. பசிபிக் லம்பர் என்ற பழைய மரக்கம்பெனி நிதானமாக வெட்டி, நிதானமாக விற்றுக்கொண்டிருந்தது. 1980-களின் நடுவில் மாக்சம் என்ற நிறுவனம் கடன்பத்திரங்களில் பணம் திரட்டி அதை வாங்கியது. அந்தக் கடனை அடைக்க மரம் வெட்டும் வேகத்தை இரட்டிப்பாக்கினார்கள். சூழல் ஆர்வலர்கள் மரவெட்டிகளை எதிரிகளாகப் பார்த்தார்கள். மரவெட்டிகள் இவர்களைத் தங்கள் சோற்றில் மண் போட வந்தவர்களாகப் பார்த்தார்கள்.

பாரி இரண்டு பக்கமும் பேசினார். இந்த வேகத்தில் வெட்டினால் மரமும் தீரும், உங்கள் வேலையும் தீரும் என்று தொழிலாளர்களிடம் சொன்னார். ஒரு மர ஆலையில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் தொழிலாளர்கள் மேல் கொட்டியபோது, அது சாதாரண எண்ணெய்தான் என்றது நிர்வாகம். பாரி அந்தத் தொழிலாளர்களுக்குத் துணை நின்றார். சூழல் ஆர்வலர் சிலர் மரத்துக்குள் ஆணி அடித்து வைப்பார்கள். அறுக்கும்போது வாள் தெறித்து ஆலைத் தொழிலாளி முகத்தில் பாயும். 1987-ல் ஒரு இளைஞருக்கு அப்படி ஆணியில் பட்டு வாள் உடைந்து படுகாயம் ஏற்பட்டது. அந்த ஆணியை யார் அடித்தது என்பது வேறு விஷயம். அந்த வழியையே கைவிட வேண்டும் என்று பாரி, தான் இருந்த எர்த் ஃபர்ஸ்ட் என்ற சூழல் அமைப்பின் வடக்குக் கலிபோர்னியாக் கிளையை 1990-ல் ஒப்புக்கொள்ள வைத்தார். உள்ளேயிருந்தே எதிர்ப்பு வந்தும் பின்வாங்கவில்லை. சூழல் இயக்க வரலாற்றில் இதைவிட நேர்மையான முடிவுகள் அதிகம் இல்லை என்பேன்.

1990 மே 24-ல் ஓக்லாந்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரில், அவர் இருக்கைக்கு அடியில், ஆணிகள் சுற்றிய குழாய்க்குண்டு வெடித்தது. இடுப்பெலும்பு நொறுங்கியது. உடனிருந்த சக போராளி டேரில் செர்னிக்கும் காயம். சில மணி நேரத்தில் போலீஸ் கைது செய்தது அவர்கள் இருவரையும்தான். தங்கள் குண்டைத் தாங்களே எடுத்துப் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் எதுவும் நிற்காமல் வழக்குக் கைவிடப்பட்டது. அவர்கள் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மீதும் ஓக்லாந்து போலீஸ் மீதும் எதிர்வழக்குப் போட்டார்கள். 2002-ல் நடுவர் குழு 44 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. அதைக் கேட்கப் பாரி இல்லை. 1997-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்துவிட்டார். குண்டு வைத்தவர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் போராடிய ஹெட்வாட்டர்ஸ் காட்டில் சுமார் 7,500 ஏக்கரை 1999-ல் அரசு விலைகொடுத்து வாங்கிக் காப்பாக ஆக்கியது.

குழந்தைகளின் இரவு உடையில் நச்சு இருந்ததாகச் சொல்கிறார்களே, அது என்ன விவகாரம்?

அதன் நாயகி ஆர்லீன் புளும். சிகாகோவில் அம்மாவும் ஆசாரமான யூதத் தாத்தா பாட்டியும் வளர்த்த பெண். வேதியியலாளர், அத்தோடு மலையேறி. 1978-ல் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை அன்னபூர்ணாவுக்குத் தலைமையேற்றுக் கூட்டிப்போனவர். அமெரிக்கர்கள் அந்தச் சிகரத்தை எட்டியது அதுவே முதல்முறை. இரண்டு தோழிகளை அந்த மலையில் இழந்தார்.

இரவு உடை விவகாரம் அதற்கு முன்னால் தொடங்கியது. 1970-களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. அதற்காகத் துணியில் டிரிஸ் என்ற ரசாயனத்தை ஏற்றினார்கள். புளும், புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, டிரிஸ் மரபணுவைச் சிதைக்கும் பொருள், புற்றுநோய் வரக்கூடும் என்று 1977-ல் எழுதினார். அந்த உடையை அணிந்து தூங்கிய குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தபோது, டிரிஸ் உடைந்து உண்டாகும் பொருள் அதில் இருந்தது. தோல் வழியே உள்ளே போயிருக்கிறது. 1977-லேயே அந்த உடைகளுக்குத் தடை வந்தது.

கதை அதோடு முடியவில்லை. பல ஆண்டுகள் மலையேற்றம், எழுத்து, மகள் வளர்ப்பு என்று இருந்துவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பியபோது, டிரிஸின் நெருங்கிய உறவான ரசாயனம் வீட்டு சோபாவின் பஞ்சுக்குள் கணிசமாக இருப்பதைக் கண்டார். காரணம் கலிபோர்னியாவின் ஒரு பழைய விதி. சோபாவின் உள்பஞ்சு சின்னத் தீச்சுடரை 12 விநாடி தாங்க வேண்டும் என்றது அது. ஆனால் நிஜ வாழ்க்கையில் முதலில் பற்றுவது மேல்துணி. அது எரிந்தால் உள்பஞ்சும் எரியத்தான் செய்யும். ஆகத் தீயிலிருந்து பெரிய காப்பு இல்லை, நச்சு மட்டும் தூசியாக வீடெங்கும் பரவி, தரையில் தவழும் குழந்தையின் கைக்கு வருகிறது. புளும் 2008-ல் பசுமை அறிவியல் கொள்கை நிறுவனத்தைத் தொடங்கி, ரசாயனத் தொழில்துறையின் கடும் எதிர்ப்புக்கிடையில் விடாமல் போராடினார். 2013-ல் கலிபோர்னியா விதியை மாற்றியது. புதிய சோதனையை ரசாயனம் சேர்க்காமலே தாண்டிவிடலாம்.

பூ, பூச்சி, காடு என்று இயற்கை ஆய்வில் இருந்தவர்கள் இல்லையா?

இங்கிலாந்தின் மிரியம் ராத்சைல்டு இருக்கிறாரே. பெரும் பணக்கார வங்கிக் குடும்பம். அப்பா சார்லஸ் 1912-ல் தொடங்கிய இயற்கைக் காப்பிடச் சங்கம்தான் பிரிட்டனின் இன்றைய வனவிலங்கு அறக்கட்டளைகளுக்கு வேர். மிரியம் முறையான பள்ளிப்படிப்பு இல்லாமலே உலகின் முதன்மைத் தெள்ளுப்பூச்சி நிபுணர் ஆனார். முயல் தெள்ளு முட்டையிடும் பருவம் தாய்முயலின் ஹார்மோன்களைப் பொறுத்தது என்று காட்டினார். முயல் ஈனும் நேரத்தில் தெள்ளும் தயாராகி, குட்டிகள் மேல் தாவிக்கொள்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பூங்காவின் ரகசியக் குறியீட்டுப் பணியில் இருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதக் குழந்தைகளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார்.

பிற்காலத்தில் அவர் கவலை காட்டுப்பூக்கள் பக்கம் திரும்பியது. உரமும் களைக்கொல்லியும் ஆழ உழும் டிராக்டரும் வந்த பிறகு, இங்கிலாந்தின் பழைய பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துபோயிருந்தன. மிரியம் தன் நிலத்தில் காட்டுப்பூ விதைகளைப் பயிரிடத் தொடங்கினார். பாப்பி, கார்ன்ஃபிளவர், கார்ன் மாரிகோல்ட் என்று வயலில் களையாக முளைக்கும் பூக்களெல்லாம் கலந்த ஒரு விதைக்கலவைக்கு "விவசாயியின் கெட்ட கனவு" என்று பெயர் வைத்து விற்றார். அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் தன் தோட்டத்தில் பூப்புல்வெளி அமைத்தது இவர் யோசனையில்தான். சாலையோரங்களில் காட்டுப்பூ விதைக்கும் பழக்கம் அந்த நாட்டில் பரவியதற்கும் இவர் ஒரு காரணம். 2005-ல் 96 வயதில் இறந்தார்.

யூத மதத்திலேயே சூழல் சிந்தனை உண்டா? அதில் பெண்களின் பங்கு என்ன?

உண்டு. பகைவர் நகரத்தை முற்றுகையிடும்போதுகூடப் பழமரங்களை வெட்டாதே என்கிறது யூத வேதத்தின் உபாகமம் 20-ஆம் அதிகாரம். வீணாக எதையும் அழிக்காதே என்ற பொதுவிதியாக இதைப் பின்னாள் அறிஞர்கள் விரித்தார்கள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விடும் ஷ்மிட்டா ஆண்டும் உண்டு. அந்த ஆண்டில் தானாக விளைவதை யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கடந்த ஷ்மிட்டா 2021-22-ல் வந்தது, அடுத்தது 2028-29.

இவற்றைப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்து இன்றைய சூழல் வேலையோடு கோத்தவர்களில் முதன்மையானவர் எலன் பெர்ன்ஸ்டைன். பெர்க்லியில் சூழலியல் படித்தவர். 1988-ல் பிலடெல்பியாவில் ஷோம்ரே அதமா என்ற அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்காவில் நாடு தழுவிய முதல் யூதச் சூழல் அமைப்பு அதுதான். அவர் கையிலெடுத்த நாள் தூ பிஷ்வாத், அதாவது மரங்களின் புத்தாண்டு. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். 16-ஆம் நூற்றாண்டில் சஃபேது ஊரின் ஞானிகள் அந்த நாளுக்கு ஒரு விருந்துச் சடங்கு வகுத்திருந்தார்கள். நான்கு கோப்பைத் திராட்சை மது. முதலாவது வெள்ளை, போகப்போகச் சிவப்பு கூடி, நான்காவது முழுச் சிவப்பு. கூடவே மூன்று வகைப் பழங்கள்: வாதுமை போல ஓடுள்ளவை, பேரீச்சை போல உள்ளே கொட்டையுள்ளவை, அத்தி போல அப்படியே தின்னக்கூடியவை. பெர்ன்ஸ்டைன் ஒவ்வொரு கோப்பைக்கும் நிலம், நீர், காற்று என்று சூழல் வாசகங்களைச் சேர்த்துப் புதுப்பித்தார். இன்று அமெரிக்க யூதச் சமூகங்களில் இது பரவலாக நடக்கிறது. அவர் பிறகு ரபியும் ஆனார், 2024-ல் காலமானார்.

இஸ்ரேலில் கோடிக்கணக்கில் மரம் நட்டதும் சூழல் சேவைதானே?

இதற்கு ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வராது. 1901-ல் தொடங்கிய யூத தேசிய நிதியம் 24 கோடிக்கும் மேல் மரங்களை நட்டிருக்கிறது. ஹதாசா போன்ற பெண்கள் அமைப்புகள் பல தலைமுறையாக அதற்குப் பணம் சேர்த்தன. குழந்தைகள் அந்த நிதியத்தின் நீல உண்டியலில் காசு போட்டார்கள். அந்தப் பெண்களின் அக்கறையில் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தக் காடுகளில் சில, துரத்தப்பட்ட பாலஸ்தீனர்களின் கிராமங்கள் இருந்த இடத்தில் நிற்கின்றன. 1967-ல் இடிக்கப்பட்ட இம்வாஸ், யாலு ஊர்களின் மேல் இருக்கும் கனடா பூங்கா அதற்கு ஒரு சான்று. இந்த உண்மையைச் சொல்லாமல் மரக்கணக்கு மட்டும் சொல்வது சரியாகாது. இஸ்ரேலியப் பெண்களிலேயே இதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் உண்டு. சூழலியல் கோணத்திலும் குறை உண்டு: ஒரே வகைப் பைன் மரங்களை அடர்த்தியாக நட்டதால் காட்டுத்தீ எளிதாகப் பரவுகிறது. 2010 கார்மல் தீயில் 44 பேர் இறந்தார்கள்.

2,000 ஆண்டுப் பழைய விதை முளைத்தது என்பது உண்மையா?

உண்மை. இரண்டு பெண்களின் பிடிவாதத்தால் முளைத்தது. யூதேயாவின் பேரீச்சை பண்டைய உலகில் பெயர்பெற்றது. பிறகு மறைந்தே போனது. 1960-களில் மசாதா கோட்டை அகழாய்வில் கிடைத்த சில பேரீச்சைக் கொட்டைகள் பல்கலைக்கழகத்தில் கிடந்தன. எருசலேமின் ஹதாசா மருத்துவமனையில் மூலிகை ஆய்வு நடத்திய மருத்துவர் சாரா சாலன் அவற்றைக் கேட்டு வாங்கினார். நட்டவர் எலைன் சொலோவே. கலிபோர்னியாவிலிருந்து வந்து அராவா பாலைவனத்தின் கெட்டுரா கிபுட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பில் வறண்டநிலப் பயிர்கள் வளர்ப்பவர்.

சொலோவே விதைகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தார். பிறகு வளர்ச்சி ஹார்மோனிலும், இயற்கை உரக்கரைசலிலும் ஊறவைத்து, 2005 தூ பிஷ்வாத் அன்று மூன்றை நட்டார். சில வாரம் கழித்து ஒன்று மட்டும் மண்ணைப் பிளந்து வந்தது. முதல் இரண்டு இலைகளும் வெளிறித் தட்டையாக இருந்தன. தேறாது என்றே தோன்றியது. மூன்றாவது இலை பேரீச்சை இலையாக வந்தது. விவிலியத்தில் 969 ஆண்டு வாழ்ந்த மெத்தூசலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது ஆண் மரம், தனியாகக் காய்க்காது. பின்னர் பழங்கால விதைகளிலிருந்து மேலும் ஆறு முளைத்தன. அவற்றில் ஹன்னா என்ற பெண் மரம் மெத்தூசலாவின் மகரந்தத்தால் 2020-ல் 111 பழம் கொடுத்தது.

இவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டா?

நிறைய. செனட்டர் டயேன் ஃபைன்ஸ்டைன் 1994-ல் கலிபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ இரண்டையும் தேசியப் பூங்காக்கள் ஆக்கினார். பெரிய சாதனை. அதே ஃபைன்ஸ்டைனிடம் 2019-ல் பள்ளிப் பிள்ளைகள் போய், காலநிலைக்கும் வேலைவாய்ப்புக்குமான பசுமைப் புது ஒப்பந்தம் என்ற திட்டத்தை ஆதரியுங்கள் என்றபோது, அது நிறைவேறாது என்று கடிந்து பேசி அனுப்பினார். அந்தத் திட்டத்தை முன்நின்று ஆதரித்த கனடா எழுத்தாளர் நவோமி க்ளைனும் யூதர்தான். முதலாளித்துவப் பொருளாதாரத்தைத் தொடாமல் காலநிலையைச் சரிசெய்ய முடியாது என்பது அவர் வாதம். இஸ்ரேல் அரசையும் கடுமையாக விமர்சிப்பவர். ரபி ஜென்னி ரோசன் 2020-ல் தொடங்கிய தயேனு அமைப்போ யூதச் சமூகத்தின் உள்ளே நின்று காலநிலைக்காக ஆள் திரட்டுகிறது. இதில் நான் க்ளைன் பக்கம் அதிகம் சாய்கிறவன். ஆனாலும் அந்தப் பாலைவனம் இன்று காப்பாக இருப்பது ஃபைன்ஸ்டைனின் நாடாளுமன்றப் பொறுமையால் என்பதை மறுக்க மாட்டேன்.

இந்தியாவோடு ஏதாவது நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு, கோல்ட்மன் விருது வழியாக. சான் பிரான்சிஸ்கோவின் ரோடா கோல்ட்மன், லீவை ஸ்டிராஸ் ஜீன்ஸ் நிறுவனக் குடும்பத்தின் யூதப் பெண். அவரும் கணவர் ரிச்சர்டும் 1989-ல் நிறுவிய விருது இது. அடிமட்டத்தில் போராடும் சாதாரண மக்களுக்கென்றே கொடுப்பது. 1991-ல் வங்காரி மாத்தாய்க்கும், 1992-ல் நர்மதைக்காக மேதா பட்கருக்கும் கிடைத்தது.

2004-ல் போபாலின் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவருக்கும் கிடைத்தது. 1984 விஷவாயுவில் குடும்பத்தினரை இழந்த இருவரும் எழுதுபொருள் தயாரிக்கும் அரசுக் கூடத்தில் வேலை பார்த்தபோது சங்கம் கட்டியவர்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. விருதுப் பணத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் சிங்காரி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். விஷவாயுவும் நஞ்சான நிலத்தடி நீரும் பாதித்த பெற்றோருக்குக் குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளுக்கு அங்கே இயன்முறை சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. விஷவாயு கசிந்த யூனியன் கார்பைடு ஆலைக்குள் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை.